குறை சொல்லாத பிள்ளை

இங்கன உக்காருங்கம்மா, இடமிருக்கு. பாப்பாவ ஜன்னலோரம் விட்ருங்க, காத்து வரும். ஓ, காதுவலியா. அப்ப காத்து ஆகாது, நான் ஓரத்துக்குப் போயிர்றேன், நீங்க இங்கிட்டு வாங்க. ஷட்டர நீங்களே இறக்கி விட்ருங்க. எனக்கு இந்தக் கை கொஞ்சம் வசப்படாது. இல்ல இல்ல, பெருசா ஒண்ணுமில்ல. காலைல சோறு வடிக்கையில கஞ்சி பட்ருச்சு. கர்ச்சீப்ப நனைச்சுச் சுத்தியிருக்கேன். ஒண்ணுமில்ல.

மதுரைக்கா? பெரியாஸ்பத்திரிக்கா? நானும் அங்கதாம்மா. ஒரு பிள்ளையப் பாக்கப் போறேன். எம் பிள்ளை இல்ல. எங்கிட்டப் படிக்கிற பிள்ளை.

அழாத பாப்பா. இங்க பாரு, இந்த டீச்சரப் பாரு. மூச்ச மெதுவா இழு. இழுத்து, வலிக்கிற எடத்துக்கு அனுப்பு. இப்ப சிரி. சிரிச்சுக்கிட்டே மூச்ச விடு. எங்க பள்ளிக்கூடத்துல உன் வயசுப் பிள்ளைக எல்லாம் செய்யும். ம்ஹூம், கேக்க மாட்டேங்குது. நீங்க கோவிச்சுக்கிறப்படாதும்மா, பிள்ளை சிணுங்குன உடனே நீங்க பதறிப் போயி மூஞ்சியப் பாக்குறீங்க பாருங்க, அதுதான் தப்பு. நம்ம பாக்குறோம்னு தெரிஞ்சாப் பிள்ளை இன்னும் ரெண்டு பங்கு அழும். நான் இதுலதான் இருக்கேன், அதனால சொல்றேன். யோகா டீச்சர். அருப்புக்கோட்டைக்கு இங்கிட்டு ஒரு பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடம், ஹாஸ்டலோட சேர்ந்தது. பேரு வேணாம். இப்ப அந்தப் பேர எங்க சொன்னாலும் ஒரு மாதிரி பாக்குறாங்க.

நான் இன்னைக்கு வர்றதே அங்க யாருக்கும் தெரியாது. கரஸ்பாண்டென்ட் போன் பண்ணி, நீங்க ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே வேண்டாம், போனா நம்ம தலையில விழும்னு சொன்னாரு. சரிங்க சார்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன். எதுக்குன்னா அந்தப் பிள்ளையோட அம்மா கூப்பிட்டிருக்கா. நீங்க வந்தாத்தான் ஆகும் டீச்சர், நீங்க சொன்னாத்தான் கேப்பான்னு. பெத்தவ அப்படிக் கூப்பிடுறப்ப போகாம இருக்க முடியுமா? சொல்லுங்க.

யோகான்னா எல்லாரும் தலைகீழா நிக்கிறதுன்னு நெனைக்கிறாங்க. ஆசனமெல்லாம் பின்னாடி. அதுக்கு முன்னாடி நியமம்னு இருக்கு. வேற யாரும் போடாம நமக்கு நாமே போட்டுக்கிற ஒழுக்கம். சுத்தம், சந்தோஷம், தவம், தன்னைத் தானே படிக்கிறது, எல்லாத்தையும் சாமிகிட்ட ஒப்படைக்கிறது. இந்த அஞ்சையும் பிள்ளைகளுக்குப் பழக்கிட்டா அதுக்கப்புறம் பிரம்பு வேணாம், வாட்ச்மேன் வேணாம். இதை நான்தான் அங்க கொண்டு வந்தேன். அதுக்கு முன்னாடி அந்த ஹாஸ்டல் எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்திருக்கணும். சாம்பார்ல புழு, தண்ணி வரல, அவ என் சோப்ப எடுத்துட்டா, வீட்டுக்குப் போகணும், தலைவலி, வயித்துவலி, கால்வலி. படிப்பு நடக்குற எடமா அது? வார்டன் ஜெபமணியக்கா ரெண்டு காதுலயும் பஞ்ச வச்சுக்கிட்டுத் திரிஞ்சாங்க.

சுத்தம் லேசு. நகத்த வெட்டு, பாயச் சுருட்டு, முடிஞ்சுச்சு. இந்தச் சந்தோஷம் இருக்கே, அதுதான் கஷ்டம். சந்தோஷம்னா ஆடிப் பாடுறது இல்ல. இருக்கிறது போதும்னு இருக்கிறது. எது வந்தாலும் குறை சொல்லாம இருக்கிறது. வாயில சொன்னா பிள்ளைக மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிரும், மார்க்கு வாங்கிரும். உள்ளுக்குள்ள எறங்கணுமே. அதனால ஒரு கயிறு வச்சேன். கையில ஒரு கறுப்புக் கயிறு. ஒரு வாரம் குறையே சொல்லாம இருந்தா அதுல ஒரு துளசிமணி கோத்து விடுவேன். குறை சொன்னா ஒரு மணிய உருவிருவேன். அவ்வளவுதான். அடி கிடையாது, திட்டு கிடையாது. மணிய உருவுறப்பக்கூட நான் சிரிச்ச மொகமாத்தான் உருவுவேன்.

பிள்ளைக அதுக்கு எப்படி ஏங்குச்சுகங்கிறீங்க. கைய நீட்டிக்கிட்டு நிக்கும்ங்க.

ஆனா பாருங்க, பிள்ளைக கெட்டிக்காரிக. எனக்கு முன்னாடி சிரிச்சுட்டு அங்கிட்டுப் போயி முணுமுணுக்கும்ங்க. அது சந்தோஷமா? வேஷம்ல. அதுக்குத்தான் நான் சோதனை வச்சேன். எப்படின்னா, சாயங்காலம் படிப்பு முடிஞ்சு தனியா இருக்கிற பிள்ளைகிட்டப் போயி உக்காருவேன். தலையத் தடவுவேன். ஏன்டா வாடியிருக்க, எதாச்சும் குறை இருக்கா, மிஸ்கிட்டச் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அப்படின்னு பாசமாக் கேப்பேன். நெசமான பாசத்தோடதான் கேப்பேன், அதுல நடிப்பு இல்ல. அதுல ஏமாந்து, ஆமா மிஸ், சோறு சரியில்ல மிஸ், அம்மா ஞாபகமா இருக்கு மிஸ்னு வாயத் திறந்தா, மணி போச்சு. மொதல்ல நெறையப் பிள்ளைக மாட்டுச்சுக. ஓன்னு அழுதுச்சுக. அப்புறம் பழகிருச்சு. அப்புறம் எப்படித் தேனா உருகிக் கேட்டாலும், ஒண்ணுமில்ல மிஸ், நல்லாருக்கேன் மிஸ். எல்லாம் ஒரே குரல்ல.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? கடுமையா இருக்கோ? அப்படி இல்லம்மா. உலகம் அப்படித்தான கேக்குது. பாசமாக் கேட்டுத்தான் வாயப் பிடுங்குது. நான் கல்யாணமாகிப் போன வீட்டுல எங்க நாத்தனார் அப்படித்தான் கேக்கும். என்னத்தா கொறைன்னு கேக்கும். வாயத் திறந்தேன்னா ராத்திரி அவரு காதுக்குப் போயிரும். அந்த வீட்டுல நான் உசுரோட இருந்தேன்னா இந்தச் சந்தோஷத்தாலதான். கல்யாண மண்டபத்துல ஞாயித்துக்கிழமை இலவச யோகா வகுப்பு நடந்துச்சு, அதுல கத்துக்கிட்டது. எது பட்டாலும் மூச்ச அங்க அனுப்பி, சிரிச்சு, விட்டுருவேன். என்னைய அது காப்பாத்துச்சு. காப்பாத்துனதத்தான் பிள்ளைகளுக்குக் குடுத்தேன். விஷத்தையா குடுத்தேன்?

பெத்தவங்களக் கேட்டுப் பாருங்க. லீவுக்கு வீட்டுக்குப் போன பிள்ளைக திரும்பி வர்றப்ப, அம்மாமாரு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. டீச்சர், எம் பிள்ளை இப்ப எதுவும் கேக்குறதே இல்ல டீச்சர், போட்டதத் தின்னுட்டு எந்திரிக்கிறா, புது டிரெஸ்ஸு வேணாங்கிறான்னு. அப்படி அழுததுல ஒருத்திதான் முத்துமாரி. இன்னைக்கு என்னையக் கூப்பிட்டிருக்காளே, அவதான். பவதாரிணியோட அம்மா.

பவதாரிணிய உங்களுக்கு எப்படிச் சொல்றது. ஒல்லியா இருக்கும். எட்டாம் வகுப்பு. பேன் பாத்து விட்டாக்கூட தேங்ஸ் மிஸ்னு சொல்லும். அவங்கப்பா சிவகாசியில லோடு ஆட்டோ ஓட்டுறாரு. வந்த புதுசுல இந்தா இந்த உங்க பாப்பா மாதிரிதான், எதுக்கெடுத்தாலும் கண்ணுல தண்ணி நிக்கும். இப்ப அந்த ஹாஸ்டல்லயே அதிக மணி அவ கையிலதான். கயிறு பத்தாம நான் வேற கயிறு சேத்துக் கட்டி விட்டேன். விருந்தாளிக வந்தா அவளத்தான் கூப்பிட்டு நிறுத்துவாங்க. அவ கையத் தூக்கிக் காட்டுவா. எனக்குப் பெருமையா இருக்கும். இருக்கத்தான் செஞ்சுச்சு, அதுல என்ன இருக்கு மறைக்க.

காரியாபட்டியா? டீ வேணுமா உங்களுக்கு? எனக்கு வேணாம். காலைலேர்ந்து ஒண்ணும் எறங்கல. பசியெல்லாம் இல்ல. பாப்பாவுக்கு அந்தப் பிஸ்கட்ட வாங்கிக் குடுங்க. பாருங்க, மெல்ல முடியலன்னு தலைய ஆட்டுது. காது வலிச்சா தாடையும் வலிக்கும்தான். வேணாம்னா வேணாம்னு பளிச்சுன்னு சொல்லிருது.

நான் எதுல விட்டேன்? ஆங்.

போன வாரம்மா. ஜெபமணியக்கா வந்து, பவதாரிணி ரெண்டு நேரமாச் சாப்பிடல, சுருண்டு படுத்திருக்கான்னு சொன்னாங்க. எங்களுக்குத் தவம் வாரம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. தவம் வாரத்துல பிள்ளைக தானா ஒரு வேளைச் சாப்பாட்ட விடும்ங்க, நான் விடச் சொல்றதில்ல, தானாத்தான் விடும்ங்க. அதனால நான் சொன்னேன், அக்கா, நீங்க போயிச் செல்லம் குடுத்துக் கெடுக்காதீங்க, நான் பாத்துக்கிறேன்னு. பாத்தேன்ல? போனேன்ல? மத்தவங்க மாதிரி விட்டேனா? படுக்கையில மொழங்கால நெஞ்சு வரைக்கும் மடக்கிக்கிட்டுக் கெடந்தா. பக்கத்துல உக்காந்து தலையத் தடவுனேன். மொகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. கேட்டேன்.

கேட்டேம்மா. அதத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன், யாரும் காதுல வாங்க மாட்டேங்குறாங்க. என்னடா செய்யுது, வயிறு வலிக்குதா, மிஸ்கிட்டச் சொல்லுடான்னு கேட்டேன். இல்ல மிஸ், நல்லாருக்கேன் மிஸ்னா. சிரிச்சா. அந்தச் சிரிப்புல ஒரு குறையும் இல்ல. நீங்க இருந்திருந்தாலும் நம்பியிருப்பீங்க.

நான் என்ன செஞ்சேன்னா, ஒரு மணி கோத்து விட்டேன்.

அன்னைக்கு ராத்திரி விடியறதுக்குள்ள பிள்ளை நெனவில்லாமக் கெடந்திருக்கு. பக்கத்துப் படுக்கைப் பிள்ளைதான் ஓடிப்போயி வார்டன எழுப்பியிருக்கு. அந்தப் பிள்ளையும் பாவம், வாயத் திறந்ததுக்கு மணி போயிருமோன்னு முழிச்சுக்கிட்டு நிக்குது. ஆம்புலன்ஸ்ல மதுரைக்குக் கொண்டு வந்தாங்க. குடல்வால் உள்ளுக்குள்ளயே வெடிச்சு வயிறு பூராச் சீழாம். டாக்டரம்மா கேட்டாங்களாம், இந்த வலிய மூணு நாளா எப்படிம்மா தாங்குச்சு இந்தப் பிள்ளை, பெரிய ஆம்பளைகளே தரையில உருளுவாங்களேன்னு.

குளுகோஸ் ஏத்தி நெனவு திரும்புனதும், ஆபரேஷனுக்குக் கொண்டு போறப்ப கையில இருந்த கயித்த வெட்டப் போயிருக்காங்க. அங்க அதெல்லாம் இருக்கக் கூடாதுல்ல. அதுக்கு மட்டும் பிள்ளை கத்தியிருக்கு. வலிக்குக் கத்தல. கயித்துக்குக் கத்தியிருக்கு. அந்தக் கயித்த நர்ஸம்மா ஒரு பொட்டலத்துல போட்டு முத்துமாரி கையில குடுத்திருக்காங்க. முத்துமாரி அத வச்சுக்கிட்டு என்னைய போன்ல கேக்குறா, டீச்சர், இது என்ன டீச்சர்னு. உனக்குத் தெரியாதாம்மா? நீதான என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுத, எம் பிள்ளை எதுவும் கேக்குறதில்லைன்னு? அப்படிக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. அவ நெலமையில இருக்கிறவகிட்ட அதையெல்லாம் கேக்க முடியுமா.

எல்லாரும் எம்மேல சாட்டுறாங்க. உடம்புக்கு முடியலைன்னா சொல்லக் கூடாதுன்னு நான் எங்கயாச்சும் சொன்னேனா? ஒரு நாள், ஒரு வகுப்புல? சாப்பாட்டுக் குறை, படுக்கைக் குறை, அடுத்தவளப் பத்திக் குறை, இதத்தான சொன்னேன். வலி வேறன்னு ஒரு பிள்ளைக்குத் தெரிய வேணாமா? நம்மளா ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லணுமா?

வலின்னு சொன்ன ஒரு பிள்ளைக்கு ஒருக்க மணிய எடுத்தேன்தான். அது பரீட்சைக்குப் பயந்து சொன்ன தலைவலி. அது வேற.

அழுகுது பாருங்க மறுபடியும். மடியில போட்டுக்கங்க. காதுல வெதுவெதுப்பாத் துணிய வச்சு ஒத்தடம் குடுங்க. என் சேலை முந்தானைய வாயால ஊதித் தரவா? இந்தாங்க. இல்ல, அந்தக் கையில படாது, படட்டும், பரவால்ல.

இப்ப என்ன நெலமைன்னா, ஆபரேஷன் முடிஞ்சும் காய்ச்சல் விடல. உள்ள மறுபடியும் எங்கயோ சீழ் கட்டுதான்னு டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். ஸ்கேன் எடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, அது தெளிவாக் காட்ட மாட்டேங்குதாம். வயித்த அமுக்கிப் பாத்து, இங்க வலிக்குதா, அங்க வலிக்குதா, நேத்த விட கூடுதலா கொறச்சலான்னு பிள்ளை சொன்னாத்தான் மறுபடி தொறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண முடியுமாம். இவ என்ன செய்யிறா? டாக்டரம்மா அமுக்குறப்ப மூச்ச இழுத்து அங்க அனுப்புறா. சிரிச்சுக்கிட்டே விடுறா. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. வயித்தக்கூட இறுக்க மாட்டேங்குறாளாம். வலிக்கலைங்கிறா. காய்ச்சல் கொதிக்குது, நாடி வேகமா ஓடுது, பிள்ளை நல்லாருக்கேங்குது.

அப்பா அதட்டிப் பாத்தாரு. அம்மா கால்ல விழாத குறையாக் கெஞ்சிப் பாத்தா. டாக்டரம்மா பாசமாக் கேட்டாங்க. பாசமாக் கேட்டா இன்னும் சிரிக்கிறாளாம்.

இன்னைக்குக் காலைல முத்துமாரி எனக்குப் போன் போட்டா. நான் அப்பத்தான் சோத்துப் பானைய வடிதட்டுல சாச்சுக்கிட்டு இருந்தேன். தோளுல போன இடுக்கிக்கிட்டுப் பேசுனேன். டீச்சர், நீங்க சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னாக் கேப்பா, அப்படின்னு போன அவ காதுல வச்சுட்டா. நான் சொன்னேன், பவதாரிணி, டாக்டரம்மாகிட்ட வலி எங்க இருக்குன்னு சொல்லணும்டா, மிஸ் சொல்றேன்ல, சொல்லுடா, வலிக்குதா? அப்படின்னு எவ்வளவு மெதுவா, எவ்வளவு பாசமாக் கேக்க முடியுமோ அவ்வளவு பாசமாக் கேட்டேன்.

மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் சொல்றா, இல்ல மிஸ், நல்லாருக்கேன் மிஸ்.

அப்புறம் கேட்டா, நான் பாஸா மிஸ்?

அப்பத்தாம்மா பானை சரிஞ்சது.

சோதனைன்னு நெனச்சிருக்காம்மா அந்தப் பிள்ளை. எல்லாத்தையும் சோதனைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அம்மா கெஞ்சுறது சோதனை, டாக்டரம்மா கேக்குறது சோதனை. ஊரே கூடி அவளோட மணிய உருவப் பாக்குது, இவ விட்டுக் குடுக்க மாட்டேங்குறா. நான், இல்லடா, இது சோதனை இல்லடான்னு கத்துனேன். அதையும் சொல்லித்தான சோதிச்சிருக்கேன். பெரிய பிள்ளைக உஷாரா ஆனதுக்கப்புறம், இது சோதனை இல்லடா, நெசமாக் கேக்குறேன்னு சொல்லித்தான் கேப்பேன். அதுல ஏமாறாம நின்னவ இவ ஒருத்திதான். அதுக்காகவே ரெண்டு மணி சேத்துக் கட்டுனேன்.

இப்ப நான் போயி அவ முன்னாடி நின்னு என்னன்னு கேக்க? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க? பாசமாக் கேட்டா அது சோதிக்கிற மூஞ்சி. அதட்டிக் கேட்டா, அது தவம் வாரத்து மூஞ்சி. அழுதுகிட்டுக் கேட்டா, ஒருக்க அழுதுகூட சோதிச்சிருக்கேன், கலைவிழா முடிஞ்சன்னைக்கு. எங்கிட்ட இருக்கிற எல்லா மூஞ்சியையும் அவ பாத்துட்டாம்மா. மணி பூராத்தையும் உருவிருவேன்னு மெரட்டவா? உருவட்டும்னு இன்னும் சிரிப்பா. எனக்கு ஒண்ணும் ஓடல. மதுரை வந்துக்கிட்டே இருக்கு, எனக்கு ஒண்ணும் ஓடல.

வலையங்குளம் தாண்டிருச்சா? இவ்வளவு சீக்கிரமா? இந்த ட்ரைவரு இன்னைக்குன்னு பாத்து இந்த வெரட்டு வெரட்டுறாரு. சீக்கிரம் போயிச் சேரணும்னுதான் ஏறுனேன். இப்ப இன்னும் கொஞ்சம் மெதுவாப் போனா என்னன்னு இருக்கு.

பாப்பா, ஏ பாப்பா. டீச்சர் ஒண்ணு கேக்கவா? உனக்கு எங்க வலிக்குது? காதுலயா. எந்தக் காதுல? இந்தக் காதா. எப்படி வலிக்குது? குத்துதா. உள்ள எறும்பு கடிக்கிற மாதிரியா. ராத்திரியெல்லாம் வலிச்சுச்சா. அடேயப்பா.

என்னா லேசாச் சொல்லுது பாருங்கம்மா. இன்னாருன்னு தெரியாத எங்கிட்ட. எந்தக் காது, எப்பருந்து, எப்படின்னு. யாரும் அதுகிட்டருந்து ஒண்ணையும் பிடுங்கல. நீங்க மூஞ்சியப் பாத்தீங்க, தூக்கி மடியில போட்டுக்கிட்டீங்க, அவ்வளவுதான். நான் வந்த உடனே உங்களக் குத்தம் சொன்னேன்ல, அழுத உடனே பாக்கக் கூடாதுன்னு. சொன்னேன். அத விடுங்க.

நீங்களும் அங்கதான வர்றீங்க. காது டாக்டரப் பாத்துட்டு ஒரு அஞ்சு நிமிசம் பாப்பாவ அந்த வார்டுக்குக் கூட்டியாறீங்களா? உள்ள விட மாட்டாங்கதான். வாசல்ல நின்னாப் போதும். இது அழுகுறத அவ கேட்டாப் போதும். இல்ல, வேணாம், காய்ச்சல்காரங்க இருக்கிற எடம், பச்சப் பிள்ளையப் போயி. என்ன பேசுறேன்னே தெரியல எனக்கு. மன்னிச்சுக்கங்க.

ஒண்ணுதாம்மா தோணுது. இப்பத்தான், இந்தப் பிள்ளை சொன்னதுக்கப்புறம்தான் தோணுது. அவ என்னோட எல்லா மூஞ்சியையும் பாத்திருக்கா, ஒண்ணத் தவிர. நான் குறை சொல்லி அவ பாத்ததில்ல. நான் வலிக்குதுன்னு சொல்லி அவ கேட்டதில்ல. யாருமே கேட்டதில்ல. படியில விழுந்து முட்டி பேந்தப்பக்கூட பிள்ளைக முன்னாடி சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனேன். எல்லாப் பிள்ளையும் கை தட்டுச்சுக. அவளும்தான் தட்டுனா. நான் போயி அவகிட்ட ஒண்ணும் கேக்காம, அவ பக்கத்துல உக்காந்து, இந்தக் கையக் காட்டி, பாத்தியாடா, மிஸ்ஸுக்கு வெந்துருச்சு, வலி தாங்கலடான்னு சொல்லி அழுதுட்டா? டாக்டரம்மாகிட்ட, எனக்கு மொதல்ல மருந்து போடுங்கன்னு அவ முன்னாடியே சத்தம் போட்டா? அப்ப நம்புவால்ல? மிஸ்ஸே சொல்லிட்டாங்க, மிஸ்ஸே தோத்துட்டாங்கன்னு அவளும் வாயத் திறப்பால்ல? அதுல சோதனை ஒண்ணும் இல்லையே. நான் தோத்துத்தான போறேன்.

செய்யலாம்ல? செஞ்சிரலாம். என்ன பெரிய கஷ்டம். இந்தப் பாப்பா சொல்றதத்தான நானும் சொல்லப் போறேன்.

மண்டேலா நகர் வந்துருச்சு. கர்ச்சீப்ப அவுத்துப் பாத்துக்கிறேன். ஒட்டிக்கிச்சு. இருங்க, மெதுவா உரிக்கணும். நீங்க பாக்காதீங்க, பாப்பா பயந்துக்கிரும். என்னம்மா? அய்யய்ய, அழாதீங்க, எதுக்கு நீங்க அழுகுறீங்க. என்ன கேட்டீங்க?

இல்லம்மா. வலியெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு.

பாத்தீங்களா.

பாத்தீங்களாம்மா, அதுவா வருது. நான் சொல்லல, அதுவா வருது. சிரிச்சேனா? சிரிச்சுக்கிட்டா சொன்னேன்? இப்படியே அங்க போயி அவ முன்னாடி நின்னேன்னா என்ன ஆகும்.

இன்னொருக்கக் கேளுங்க. கையில என்ன, வலிக்குதான்னு கேளுங்க. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. நான் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவேன், நீங்க விட்றாதீங்க. நான் சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருங்கம்மா. கேளுங்க.